அப்பளம் ஒடிந்த நாளில் ஒட்டிய கிட்டார்

கிட்டார் செய்யும் தொழிலுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கிட்டார் செய்ய, இன்னொருவர் அந்த வீட்டில் குடியிருக்க.

நான் இரண்டாவது ஆள். வீட்டுக்குள்ளேயே பட்டறை போட்டுவிட்ட கணவருக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள். தையல்காரர் வீட்டில் காலில் ஊசி குத்தும். தேனீப் பெட்டி வைத்திருப்பவர் வீட்டில் முகம் வீங்கும். என் வீட்டில் சாம்பாரில் மரத்தூள் விழும். நாமெல்லாம் ஒரே ஜாதி.

என் வீட்டுக்காரர் ஜெயராஜ், கொடைக்கானலில் ஒரு ரிசார்ட்டில் பராமரிப்பு சூப்பர்வைசராக இருந்தவர். ஹீட்டர், குழாய், சாத்திக்கொள்ள மறுக்கும் கதவு எல்லாம் அவர் பொறுப்பு. ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்கார அம்மா, போகிற போக்கில் ஓர் உடைந்த கிட்டாரை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்பெயின் நாட்டில் நூறு வருஷத்துக்கும் முன்னால் செய்ததாம். இப்போது கடையில் விற்பதைவிடச் சின்ன உடம்பு. தூக்கினால் காலி பிஸ்கட் டப்பா மாதிரி எடையே இல்லை. கம்பியை முறுக்க இரும்புச் சாவி கிடையாது, வீணையில் இருப்பது போல மரப் பிருடைதான். இவர் அதைப் பிரித்துப் போட்டு அளவெடுத்தார். அன்றிலிருந்து ஊரார் கதவெல்லாம் சரியாகச் சாத்திக்கொண்டது, எங்கள் வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளவில்லை.

ஒரு ஜூன் மாதம், "வேலையை விட்டுட்டு கிட்டார் செய்யப்போறேன்" என்றார். முதலாளி நல்ல மனுஷன், ஒரு வருஷம் இடத்தை அப்படியே வைத்திருக்கிறேன் என்றார். நானும் ஒரு வருஷம்தான் கொடுத்தேன். என் நிபந்தனை ஒன்றே ஒன்று. நீங்கள் செய்யும் கிட்டார் ஒன்றாவது மலையை விட்டு இறங்கி, கீழே ஒரு கோடையைத் தாண்ட வேண்டும். ரிப்பேர் என்று திரும்பி வரக்கூடாது. வந்தால் அடுத்த ஜூன் முதல் தேதி ரிசார்ட்டின் நீல யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக் கையில் கொடுத்துவிடுவேன். கான்வென்ட்டில் எங்களுக்குப் பொறுமையைப் பற்றி ஒரு பாடம் நடத்தினார்கள். அன்றைக்கு நான் லீவு.

மரத்தோடு பேச்சு

வேலையை விடுவதற்கு நாலு வருஷம் முன்பே மரம் வீட்டுக்கு வந்துவிட்டது. அந்தக் கால ஸ்பெயின்காரர்கள் கிட்டாரின் முதுகுக்கும் விலாவுக்கும் சைப்ரஸ் பலகை போடுவார்களாம். வெள்ளைக்காரர்கள் நட்டுவிட்டுப் போன சைப்ரஸ் எங்கள் மலையில் வேண்டிய மட்டும் நிற்கிறது. கவுஞ்சி கிராமத்தில் முத்துக்காளை அண்ணனின் பூண்டுத் தோட்டத்து ஓரத்தில் ஒன்று காற்றில் விழுந்து இரண்டு வருஷமாகக் கிடந்தது. அடுத்த நடவுக்குள் அது அங்கிருந்து போக வேண்டும். வனத்துறைக் காகிதமெல்லாம் வாங்கி முடித்து ஒரு நாள் நாங்கள் போனோம்.

போனதும் இவர் மரத்துக்குப் பக்கத்தில் முட்டி போட்டார். விரல் முட்டியால் தட்டினார், காதை வைத்துக் கேட்டார். நாலு அடி நகர்ந்து மறுபடி தட்டினார், மறுபடி காது. காற்று என் காதைப் பிய்த்துக்கொண்டு போனது. முத்துக்காளை அண்ணன் தலைத்துண்டை அவிழ்த்தார், கட்டினார், திரும்பவும் அவிழ்த்துக் கட்டினார். "வெரசா முடிச்சிருவாருன்னுல்ல வெள்ளனே வந்தேன்" என்று முணுமுணுத்தார். ஆனால் மரத்துக்குப் பதிலாக எதுவும் வாங்கிக்கொள்ளாமல், ஒரு சாக்குப் பூண்டையும் வண்டியில் தூக்கி வைத்தவர் அவர்தான். வைத்துவிட்டு என்னிடம் ரகசியமாகக் கேட்டார்: "ஏம்மா, செத்துக் கெடக்குற மரத்துக்கிட்ட இம்புட்டு நேரம் பேசுறாரே, வீட்ல உங்ககிட்ட நாலு வார்த்தை பேசுவாரா?"

ஸ்டீபனின் சந்தேகம்

நிபந்தனைக் கணக்கில் வந்த முதல் கிட்டாரை ஐப்பசியில் ஒட்டினார். ஐப்பசியில் எங்கள் வீட்டில் துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது, தீப்பெட்டி பற்றாது, உப்பு ஜாடியில் உப்பு அழுதுகொண்டிருக்கும். மரமும் அந்த ஈரத்தைக் குடித்து உப்பித்தான் இருக்கும். உப்பின நேரத்தில் ஒட்டிவிட்டால், கீழே போய்க் காய்ந்து சுருங்கும்போது பலகை பிளந்துகொள்ளும். இவருக்கும் இது தெரியும். ஆனால் பட்டறைச் சுவரில் காற்றின் ஈரத்தைக் காட்டும் மீட்டர் ஒன்றை மாட்டி வைத்திருந்தார். "ஈரமே இல்லை, தாராளமாக ஒட்டு" என்று அது சொன்னது. "வெளியே வந்து பாருங்க, பக்கத்து வீடே தெரியலை" என்று நான் சொன்னேன். பெண்டாட்டி சொன்னால் யோசிக்கிறவர்கள் மீட்டர் சொன்னால் யோசிப்பதில்லை.

மதுரையில் சர்ச் கொயரில் வாசிக்கும் ஸ்டீபன் என்ற தம்பி அதை ஆசையாக வாங்கிப் போனார். பொங்கல் கழிந்த வாரம் தூக்கிக்கொண்டு வந்தார். முகப்புப் பலகையில் மயிரிழைப் பிளவு. அன்றைக்கென்று பார்த்துத் தூறல், பனிமூட்டம். எங்கள் வீட்டில் இரண்டு நாள் இருந்ததில் பிளவு தானாக மூடிக்கொண்டது. உள்பக்கம் ஒரு சின்னப் பட்டை வைத்து ஒட்டி, இவர் சந்தோஷமாக அனுப்பி வைத்தார். மதுரை வெயிலில் ஒரு வாரம். அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று திறந்துகொண்டது. ஸ்டீபன் படு மரியாதைக்காரர். மறுபடி மலையேறி வந்து, செருப்பை வாசலில் விட்டு, நான் கொடுத்த டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்: "தப்பா நினைக்காதீங்க சார், இது மழைக்காலத்துல மட்டும் வாசிக்கிற கிட்டாருங்களா?"

ஒடிகிறதா, மடிகிறதா

கையில் மிச்சம் இருந்தது ஒரே ஓர் ஆர்டர். மதுரையில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற வேணி டீச்சர் கொடுத்தது. அறுபதுக்கு மேல் கிட்டார் கற்க ஆரம்பித்தவர். கை சின்னது, கடைக் கிட்டாரை அணைத்துப் பிடித்தால் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருக்கிறதாம். பழைய ஸ்பெயின் அளவுதான் அவருக்குச் சரி. ஸ்டீபன் விஷயம் அவர் காதுக்குப் போக வேண்டாம் என்பது என் கட்சி. இவர் போன் போட்டு ஒன்று விடாமல் ஒப்பித்தார். நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் டீச்சர், "எனக்கொண்ணும் அவசரமில்ல, நல்லாக் காயட்டும்" என்றார். சட்டென்று போனை வைத்துவிடாத அந்த அம்மாளை நினைத்து அன்றிரவு சாப்பாட்டு ஜெபத்தில் ஒரு வரி கூடச் சொன்னேன்.

முகப்பை ஒட்டுவதாக இருந்த அன்று காலை, சமையலறையில் அப்பள டப்பாவைத் திறந்தேன். நாலாக ஒடித்துப் பொரிப்பது என் வழக்கம். ஒடித்தால் ஒடியவில்லை, கைக்குட்டை மாதிரி மடிந்தது. அதை அப்படியே நுனியில் பிடித்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். "இன்னைக்கு ஒட்டாதீங்க" என்றேன். இவர் மீட்டரைக் காட்டினார். நான் அப்பளத்தைக் காட்டினேன். அது தலை தொங்கி நின்றது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தவர், மெதுவாகப் போய் மீட்டர் மாட்டிய சுவரைத் தொட்டார். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் குளிக்க வெந்நீர் போடும் விறகு அடுப்பு. ஆறு மாதமாக அந்த மீட்டர் கொடைக்கானலை அளக்கவில்லை, என் அடுப்பை அளந்துகொண்டிருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு தினம் காலையில் ஓர் அப்பளத்தை வாசலில் ஒரு மணி நேரம் வைப்பது, பிறகு இருவரும் நின்று ஒடித்துப் பார்ப்பது. காலண்டரில் 'ம' என்றால் மடிந்தது, 'ஒ' என்றால் ஒடிந்தது. ஒன்பது நாள் வரிசையாக 'ம'. பத்தாம் நாள் படக்கென்று ஒடிந்தது. இவர் முகம் பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு பாக்கியம் கறிவேப்பிலை கேட்டு வந்து வாசலிலேயே நின்றிருந்தாள். அவள் அப்பா அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள்; என் டீயில் தினமும் ஒரு குறை கண்டுபிடிப்பாள். எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நாங்கல்லாம் அப்பளத்த எண்ணெயில போட்டுத்தான்க்கா பாத்திருக்கோம்."

வெந்நீர்

இனி வருவது என் தப்பு. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கிட்டாரின் முதுகுப் பலகை ஜோடியாகத்தான் இருக்கும். ஒரே கட்டையைப் புத்தகம் விரிப்பது போல இரண்டாக அறுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டுவார்கள். கண்ணாடியில் பார்த்த மாதிரி இரண்டு பக்கமும் ரேகை ஒத்துப்போகும். டீச்சருக்காக எடுத்து வைத்த ஜோடியை இவர் எங்கே காய வைத்திருந்தார் தெரியுமா? வெந்நீர் அடுப்புக்கு மேலே, விறகுப் பரணில். வீட்டிலேயே காய்ந்த இடம் அதுதான் என்று அப்பளத்துக்குப் பிறகு கண்டுபிடித்திருந்தார். கண்டுபிடித்தவர் என்னிடம் சொல்லவில்லை. நான் ஒரு அவசரக் காலையில் கைக்கு வந்ததை இழுத்து, முழங்காலில் வைத்து ஒடித்து, அடுப்பில் வைத்தேன். கிறிஸ்துமஸ் சமயத்து மாதா கோவில் மாதிரி என்ன ஒரு வாசனை. அப்போதாவது யோசித்திருக்கலாம்.

பதினோரு மணிக்கு ஒற்றைப் பலகையோடு வந்து நின்றார்.

"கலா, இதோட ஜோடி எங்க?"

"காலைல குளிச்சீங்கல்ல?"

"ஆமா."

"அதுதான்."

விறகுக்கு நடுவில் கிட்டாரை வைப்பவர் யார், சொல்லாமல் வைப்பவர் யார், என்று நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். நல்ல கூர்மையான வாக்கியங்கள். அவர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். முக்காலியில் உட்கார்ந்தார். ஒரு வருஷத்தில் எட்டு மாதம் போயிருந்தது. கடைசியில் அவர் சொன்னது இதுதான்: "வெந்நீர் நல்ல சூடா இருந்துச்சு."

கொடிக்கயிறு

அந்த ஒற்றைப் பலகைக்கு ஜோடியாக, அழகில்லை என்று கழித்துப் போட்டிருந்த வேறொரு பலகையைத் தேடி எடுத்தார். அதே மரத்தின் அடிப்பக்கத்தில் அறுத்தது, கறுப்பாக ஒரு ரேகை ஓடும். காலண்டரில் 'ஒ' விழுந்த நாட்களில் மட்டும் ஒட்டினார். ஒட்டுவதற்கு வஜ்ஜிரம், தோலைக் காய்ச்சி எடுக்கும் பழைய தச்சுப் பசை. அதை இளஞ்சூட்டில் உருக்க என் பால் பாத்திரம்தான் அளவு சரியாம். ஒரு மாதம் கறுப்புக் காப்பி குடித்தோம்.

விளிம்பில் மெல்லிய பட்டை ஒட்டும்போது அந்தக் கால ஸ்பெயின்காரர்கள் கிளாம்ப் போட மாட்டார்களாம், கயிறு சுற்றி இறுக்குவார்களாம். கயிற்றுக்கு எங்கே போவது? என் துணி காயும் கொடியை அவிழ்த்தார். ஈரத்துணி நாற்காலிகளில் கிடக்க, கிட்டார் என் கொடிக்கயிற்றில் தலைமுதல் கால்வரை சுற்றப்பட்டுச் சாப்பாட்டு மேசையில் படுத்திருந்தது. முத்துக்காளை அண்ணன் டவுனில் ஒரு சோலி என்று வந்தவர், கேரட் கட்டோடு எட்டிப் பார்த்தார். தன் மரம் இந்தக் கோலத்தில் கிடப்பதைப் பார்த்து உச்சுக் கொட்டினார். ஸ்டீபன் கதையும் என் நிபந்தனையும் கவுஞ்சி வரை போயிருந்தது. மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, என் வீட்டுக்காரர் தோளில் தட்டிச் சொன்னார்: "கட்டிப் போட்டது நல்லதுங்க சார், போனாத்தான திரும்பி வரும்."

பாதி

பங்குனியில் வேணி டீச்சர் குரங்குக் குல்லாவும் கைப்பையுமாக வந்து இறங்கினார். கிட்டாரை மடியில் வைத்தவுடன் அவருக்கென்றே அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி உட்கார்ந்தது. மெதுவாக ஒரு பாடம் வாசித்தார். இரண்டு இடத்தில் தப்பு, அவரே நிறுத்தித் திருத்திக்கொண்டார். பெரிய சத்தம் இல்லை. ஆனால் அடுப்பங்கரையில் நின்ற எனக்கு, பக்கத்தில் உட்கார்ந்து யாரோ நிதானமாகப் பேசுவது போல ஒவ்வொரு சுரமும் கேட்டது. குக்கர் விசில் வரும் என்று அடுப்பை அணைத்தேன். என் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு பாட்டுக்காக நான் அடுப்பை அணைத்தது அன்றுதான்.

பிறகு கிட்டாரைத் திருப்பினார். ஒரு பாதி நெய் நிறம், மறு பாதியில் கறுப்பு ரேகை. "ஏன் ரெண்டும் ரெண்டு மாதிரி இருக்கு?" என்றார். இவர், "நாதத்துக்காக..." என்று இழுத்தார். கணக்கு டீச்சரிடம் அந்தப் பேச்சு எடுபடுமா? நானே ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து அடுப்பு, வெந்நீர், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கி, கிட்டாரின் துளைக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே ஒட்டியிருந்த சீட்டில் என் கான்வென்ட் கையெழுத்தில் இவர் பெயர் மட்டும் இருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்: "அப்ப இதுல பாதி உன் வேலைதான, உன் பேர் எங்கம்மா?"

மே மாதம்

கிட்டார் கீழே போனது. சித்திரை பிறந்தது. நான் செய்தியில் மதுரை வெயிலை மட்டும் பார்த்தேன். போன் அடித்தால் இவர் எடுக்கமாட்டார், நான்தான் எடுப்பேன். பீரோவில் நீல யூனிஃபார்ம் மடித்தபடி இருந்தது. நிபந்தனை போட்டவள் நான்தான். ஆனால் ஒரு நாள் துணி அடுக்கும்போது அதை எடுத்துக் கடைசித் தட்டில், பழைய போர்வைக்கு அடியில் தள்ளினேன். யாரும் கேட்கவில்லை, அதனால் காரணமும் சொல்லவில்லை.

மே கடைசி வாரம். சீசன் கூட்டம், எங்கள் தெருவில் ஒரு கார் போனால் இன்னொரு கார் காத்திருக்கும். பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு கார் எங்கள் வாசலில் நின்றது. குல்லா முதலில் இறங்கியது, பிறகு வேணி டீச்சர், பிறகு கிட்டார்ப் பெட்டி. இவர் உளியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார், துடைத்த கையையே இன்னொரு தடவை துடைத்தார். ஜூன் முதல் தேதிக்கு நாலு நாள் இருந்தது.

"வாங்க டீச்சர்" என்று பெட்டியை வாங்கியவள் நான்தான். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. மேசையில் வைத்துத் திறந்தேன். டார்ச் அடித்து முகப்பைப் பார்த்தேன், விலாவைப் பார்த்தேன், திருப்பி என் பாதியும் அவர் பாதியும் சேரும் கோட்டை நகத்தால் தடவினேன். கடைசியில், பூண்டுத் தோட்டத்தில் யாரைப் பார்த்துச் சிரித்தேனோ அவரைப் போலவே, விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டேன். சுத்தமாக இருந்தது. எங்கும் ஒன்றும் இல்லை.

"எங்க டீச்சர் பிளந்திருக்கு?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

டீச்சர் நாற்காலியில் சாய்ந்து, குல்லாவைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "பிளக்கவா? அது கல்லு மாதிரி இருக்கு. மே மாசம் மதுரையே கெளம்பி கொடைக்கானலுக்கு வருது, இது மட்டும் என்னம்மா பாவம் பண்ணுச்சு?"

ஆக, கிட்டார் செய்கிறவருக்கு வாழ்க்கைப்பட்டால் பால் பாத்திரம், கொடிக்கயிறு, அப்பளம் எதுவும் உங்களுடையதாக இருக்காது, ஆனால் தினம் காலையில் ஒரு மனுஷன் உங்கள் முகத்தைப் பார்த்து "இன்னைக்கு ஒட்டலாமா?" என்று கேட்டு, நீங்கள் சொல்கிற பதிலை நம்பிவிட்டுப் போவார், எத்தனை வீட்டில் அது நடக்கிறது, சொல்லுங்கள்.